ஊசியைத் தேடாதீர்கள், தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது நான்காவது பண்ணை. பிரேதப் பரிசோதனை மேசையில் செத்துப்போன 28 நாள் கறிக்கோழி. திறந்து பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் பாலாடை போல வெள்ளைப் படலம். ஈ.கோலை கிருமியின் வேலை. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பண்ணைக்காரர் சட்டைப் பையிலிருந்து மூன்று காலி உறைகளை எடுத்து வைத்தார். மூன்றும் வெவ்வேறு ஆன்டிபயாடிக். ஒன்று கேட்கவில்லை என்றால் அடுத்தது, மொத்தக் கொட்டகைக்கும் தண்ணீரில் கலந்து. ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டில் ஆறு மருந்து வில்லைகள் வைத்தார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் விழும். ஐந்தைச் சுற்றி வளையமே விழவில்லை.

அன்று மாலையே உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஹார்மோன் ஊசி போட்ட கோழியாமே, குழந்தைக்குக் கொடுக்கலாமா?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒரு கொட்டகையில் இருபதாயிரம் கோழிகள். அத்தனையையும் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடுவது யார்? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதத்தைப் போல அதுவும் வயிற்றில் செரித்துப் போகும். ஊசியாகவே போட்டாலும் கோழியின் எடை குறிப்பிடும்படி கூடுவதில்லை. பிறகு எப்படி இவ்வளவு வேகமாக வளர்கிறது என்கிறீர்களா? இனத்தேர்வு: வேகமாக வளரும் கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்குவது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் 1957 இனக் கோழி 905 கிராம். 2005 இனக் கோழி 4,202 கிராம். ஊசி எங்கே இருக்கிறது இதில்?

உடனே நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். அந்த எடையைச் சுமக்கும் கால் எலும்பு இன்னும் குஞ்சின் எலும்புதான். இதயம் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்துச் சாகும் கோழிகளை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். இவற்றை ஈனும் தாய்க்கோழிகளின் கதை வெளியே யாருக்கும் தெரியாது. வயிறாரத் தீவனம் வைத்தால் கொழுத்து முட்டையிடாமல் போகும், அல்லது செத்துப்போகும் என்பதால் அவற்றை ஆயுள் முழுக்க அரைப்பட்டினியில் வைத்திருக்கிறோம். "இருக்கிறோம்" என்று சொல்வதில் நானும் அடக்கம்.

ஆன்டிபயாடிக் இந்த ஏற்பாட்டுக்கு முட்டுக்கொடுக்கும் கழி. நம்பவில்லையென்றால் ஒரு கொட்டகையில் குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரியும். எச்சம் ஊறிய கூளத்திலிருந்து வரும் அம்மோனியா அது. மூச்சுக்குழல் அதில் அரிபட்டால் கிருமிக்கு வாசல் திறந்த மாதிரி. காற்றோட்டத்துக்குச் செலவு செய்வதைவிடத் தூளைத் தொட்டியில் கொட்டுவது சுலபம். மருந்தின் பெரும் பங்கு எச்சத்தோடு வெளியேறி, எருவாகி, வயலுக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. கொலிஸ்டின் என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறு எதுவும் கேட்காதபோது கையில் எடுக்கும் மருந்து. அதை முறியடிக்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 2015இல் சீனாவில் வெளிச்சத்துக்கு வந்தது. பன்றியிலும் இருந்தது, இறைச்சியிலும் இருந்தது, நோயாளியிடமும் இருந்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இலேயே நிறுத்திவிட்டது. கோழி வளர்ப்பு அங்கே அழிந்துவிடவில்லை.

சமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பச்சைக் கறியைக் குழாயடியில் வைத்துக் கழுவாதீர்கள், கிருமி நாலாபுறமும் தெறிக்கும். கறி வெட்டிய பலகையில் காய்கறி நறுக்காதீர்கள். நன்றாக வேகட்டும். வாங்குமிடத்தில் ஹார்மோனைப் பற்றிக் கேட்பதை விட்டு, ஆன்டிபயாடிக் பற்றிக் கேளுங்கள்.

பண்ணைக்காரர்களுக்கு வேண்டுகோள் கிடையாது. பரிசோதனை இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். மருந்தை விற்பவரிடமே எந்த மருந்து என்று கேட்காதீர்கள். மருந்தை நிறுத்தி, குறித்த நாட்கள் கழியும் முன் கோழியை ஏற்றி அனுப்பாதீர்கள். கூளத்தைக் காயவையுங்கள், கூட்டத்தைக் குறையுங்கள்.

நான்காவது பண்ணைக்காரரிடமும் இதைத்தான் சொன்னேன். ஆறாவது வில்லையைச் சுற்றி வளையம் விழுந்திருந்ததே, அது என்ன மருந்து என்று இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். கூட்டத்தைக் குறைக்கும் பேச்சை இன்னும் எடுக்கவில்லை.