முதல் தந்தை, இரண்டாம் தந்தை

வில்லியம் பட்லர் ஆக்டனைப் பற்றிய தமிழ் மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் ‘சிகாகோவின் முதல் நகரத்தந்தை’ என்று படித்தேன். முதல் தந்தை என்றால் இரண்டாம் தந்தை, மூன்றாம் தந்தை என்று வரிசையாக வருவார்களோ? மேயர் என்று எழுதியிருந்தாலே போதும். யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது.

மேயர் என்பதன் வேர் லத்தீன் ‘மாயோர்’. பொருள், பெரியவர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ராணுவத்து மேஜரும், பதினெட்டு வயதில் ‘மேஜர்’ ஆகும் பிள்ளையும் இதே வேரில் வந்தவர்கள்தாம். அப்பா என்ற பொருள் இதில் எங்கும் இல்லை.

தந்தை என்றால் தமிழில் பெற்றவர், அல்லது ஒன்றைத் தோற்றுவித்தவர். ஆகவே அந்தக் கட்டுரையைப் படிப்பவர், சிகாகோவை நிறுவியவரே ஆக்டன் என்று நினைத்துக்கொள்வார். அது தவறு. ஆப்பிரிக்க வழிவந்த வணிகர் ஜான் பாப்டிஸ்ட் பாயின்ட் து சாபிள் 1780களிலேயே சிகாகோ ஆற்று முகத்தில் குடியேறிவிட்டார். நிறுவனர் என்று அந்த நகரம் போற்றுவது அவரைத்தான். ஆக்டன் நியூயார்க் மாநிலத்துக்காரர். உறவினர் வாங்கிய நிலத்தைக் கவனிக்க 1835இல் வந்து, சேற்று நிலத்தை விற்று லாபம் பார்த்தவர். 1837இல் வாக்கெடுப்பில் வென்று ஓராண்டு பதவியில் இருந்தார். வங்கிகள் முடங்கிய ஆண்டு அது. கடனைக் கைகழுவிவிடலாம் என்று எழுந்த குரல்களை எதிர்த்து நின்றார். நல்ல நிர்வாகி. ஆனால் அவர் மணம் முடித்தது 69 வயதில், பிள்ளைகளும் இல்லை. அவரைப் போய் தந்தை என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது!

1979இல் அதே சிகாகோவுக்கு ஜேன் பெர்ன் என்ற பெண்மணி மேயரானார். அவர் நகரத்தந்தையா? ‘நகரத்தாய்’ என்று சமாளிப்பார்கள். பதவிக்கு ஆள் மாறும்போதெல்லாம் பெயரும் மாற வேண்டும் என்றால் அது என்ன கலைச்சொல்?

ஈழத்தில் வழங்கும் ‘மாநகர முதல்வர்’ இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் 1837இன் சிகாகோ, நாலாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். அதை மாநகரம் என்பது மிகை. ‘முதல் மாநகர முதல்வர்’ என்று எழுதினால் நாக்கும் தடுக்கும். தமிழ்நாட்டு வாசகருக்கோ முதல்வர் என்றால் கோட்டையில் இருப்பவர்.

என் தேர்வு ‘நகரத் தலைவர்’. நகராட்சித் தலைவர் என்று ஏற்கெனவே சொல்கிறோம், பெண்ணுக்கும் பொருந்தும். அது வேண்டாம் என்றால் மேயரே இருக்கட்டும். 1688இலேயே சென்னைக்கு வந்துவிட்ட பதவியின் பெயர், இனியும் அந்நியமா?

வேடிக்கை என்னவென்றால், 1862இல் ஆக்டன் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் முதல் தலைவரானதை அதே மொழிபெயர்ப்பாளர் ‘தலைவர்’ என்றே சரியாக எழுதியிருக்கிறார். ரயிலுக்குத் தலைவராக இருக்க முடிந்த மனிதர் ஊருக்கு மட்டும் ஏன் அப்பாவாக வேண்டும்?