பாட்டு வந்துவிட்டது, பாடம் வந்ததா?

மூன்று வயது வாண்டு ஒன்று முதல் இருபது வரை மூச்சுவிடாமல் சொல்கிறது. யாரும் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை, எல்லாம் கார்ட்டூன் உபயம். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அதே குழந்தையின் முன் ஒரு பிடி பொத்தான்களைப் போட்டு, "இதில் ஐந்து எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். கைக்கு வந்ததை அள்ளி நீட்டும். குழந்தை உளவியலாளர்களுக்கு இது பழகிப்போன காட்சி. எண்களை வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறமை, 'ஐந்து' என்றால் எத்தனை என்று புரிவது வேறு திறமை. முதலாவது வந்து பல மாதங்கள், பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்கும் மேல், கழித்துத்தான் இரண்டாவது வரும். என்னைப் போன்ற பெற்றோர்களோ ஒப்பிப்பதைக் கேட்டதுமே மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

இந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. 12 முதல் 18 மாதக் குழந்தைகள். சொற்களைக் கற்றுத்தரும் என்று விற்கப்பட்ட ஒரு பிரபல டிவிடி. நான்கு வாரங்கள். சில வீடுகளில் பெரியவர் பக்கத்தில் இருக்கக் குழந்தை அதைப் பார்த்தது, சில வீடுகளில் தனியாகப் பார்த்தது. மூன்றாவது குழுவுக்கு டிவிடியே கிடையாது. அதில் வரும் சொற்களின் பட்டியலை மட்டும் பெற்றோரிடம் கொடுத்து, அன்றாடப் பேச்சில் உங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக்கொடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். நான்காவது குழு எதையும் செய்யவில்லை. மாதக் கடைசியில் சோதித்தபோது, டிவிடி பார்த்த குழந்தைகள் சும்மா இருந்த குழந்தைகளைவிடக் கூடுதலாக ஒன்றும் கற்றிருக்கவில்லை. முன்னால் நின்றது பெற்றோர் பேசிய குழுதான். இதில் எனக்குச் சுருக்கென்று பட்டது வேறு ஒன்று: எந்தப் பெற்றோருக்கு அந்த டிவிடி ரொம்பப் பிடித்திருந்ததோ, அவர்கள்தான் தங்கள் பிள்ளை அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்தார்கள்.

ஏன் இப்படி? ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்குத் திரையில் நடப்பது தங்கள் உலகத்தைப் பற்றிய செய்தி என்றே தோன்றுவதில்லை. இதே டிலோச், ஜார்ஜின் ட்ரோசெத் என்பவருடன் சேர்ந்து 1998-இல் இதை அழகாகக் காட்டினார். பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்து வைப்பார்கள். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தைகள் உள்ளே போய் நேராக எடுத்துவிட்டார்கள். அதே காட்சியை டிவியில் பார்த்த இரண்டு வயதுக்காரர்களில் பெரும்பாலோர் அறைக்குள் போய்த் தடுமாறினார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் டிவியில் பார்த்தும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஆறு மாதத்தில் ஏதோ ஒன்று திறந்துகொள்கிறது.

கண்ணில் கோளாறு இல்லை, கவனத்திலும் இல்லை. அது நம்பிக்கை சம்பந்தப்பட்டது. திரையில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிப்பதில்லை, கேட்டால் பதில் சொல்வதில்லை. அப்படிப்பட்டவர் சொல்வதை எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும்? 2006-இல் ட்ரோசெத் இதையும் சோதித்தார். திரையில் வரும் பெண் முதலில் சில நிமிடம் குழந்தையின் பெயரைச் சொல்லி, அது சொல்வதைக் கேட்டு, இருவழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் பொம்மை எங்கே இருக்கிறது என்று சொன்னபோது இரண்டு வயதுக் குழந்தைகள் அவள் பேச்சைக் கேட்டுப் போய் எடுத்தார்கள். வெளியூரில் இருக்கும் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதையும் கார்ட்டூன் பார்ப்பதையும் ஒரே 'ஸ்கிரீன் நேரம்' கணக்கில் எழுதுவது அவ்வளவு சரியில்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

கார்ட்டூன் எடுப்பவர்களுக்கு இது தெரியும். கதாபாத்திரம் திரும்பி நம்மைப் பார்த்து, "சாவி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு சில விநாடிகள் மௌனமாக நிற்கிறதே, பெரியவர்களுக்குப் பொறுமை போகும் அந்த இடம், உரையாடலைப் போலிசெய்யும் முயற்சி. 1996-இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்க நிகழ்ச்சி இதைப் பெரிய அளவில் செய்தது. கூடவே இன்னொரு விசித்திரம்: ஒரே எபிசோடைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். முதல் நாள் குழந்தைகள் வாயை மூடி உற்றுப் பார்த்தார்கள். நாள் போகப் போகத் திரைக்குப் பதில் சொல்வதும் கத்துவதும் குதிப்பதும் கூடியது, கதையைப் புரிந்துகொள்வதும் கூடியது. "இதையேதான் நேற்றும் பார்த்தாய்" என்று நாம் அலுத்துக்கொள்ளும் நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மூன்று வயதைத் தாண்டியதும் சிக்கல் இடம் மாறுகிறது. இப்போது குழந்தைக்குத் திரையை நம்புவதில் பிரச்சினை இல்லை. கதையும் பாடமும் ஒரே சின்ன இடத்துக்குப் போட்டி போடுகின்றன. அந்த இடம், நாம் ஒரு விஷயத்தை யோசிக்கும்போது கையில் வைத்திருக்கும் தற்காலிக நினைவு. நான்கு வயதில் அது மிகக் குறைவு. ஷாலோம் ஃபிஷ் என்பவர் 2000-இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்: கதையைப் பின்தொடரவே நினைவு செலவாகிவிட்டால் பாடத்துக்கு மிச்சம் இராது. பாடம் கதையின் முடிச்சாகவே இருந்தால் இரண்டுக்கும் ஒரே செலவு.

ஓர் அணில் உடைந்த பாலத்தைக் கடக்க வேண்டும், அதற்குச் சரியாக ஆறு பலகை தேவை, ஐந்து எடுத்துப் போனால் விழுந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே எண்ணினால்தான் கதை நகரும். இதற்குப் பதிலாக அணில் பாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கதையை நிறுத்திவிட்டு எண்கள் டான்ஸ் ஆடி ஒரு பாட்டுப் பாடினால்? பாட்டு மனப்பாடமாகும். குழந்தையின் மனம் அணிலோடு தொங்கிக்கொண்டிருக்கும். 'கல்வி' என்று பெயர் போட்டு வரும் கார்ட்டூன்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம். ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. பொம்மைகளும் கார்ட்டூனும் கலந்த 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சி 1969 நவம்பரில் தொடங்கியபோது, அமெரிக்காவின் சில பகுதிகளில் அது விஎச்எஃப் அலைவரிசையில் தெளிவாகத் தெரிந்தது. யுஎச்எஃப் அலைவரிசையில் வந்த பகுதிகளிலோ பல வீடுகளில் சரியாகக் கிடைக்கவில்லை. மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகள் கழித்து இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வகைப் பகுதிகளிலும் வளர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டார்கள். நிகழ்ச்சி நன்றாகத் தெரிந்த பகுதிகளில் வளர்ந்த குழந்தைகள், பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருப்பது கூடுதலாக இருந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிச் சோதிக்கும்போது, டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையில் படங்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குழந்தையின் பார்வை எந்த நொடியில் நழுவி அங்கே போகிறது என்று குறித்து, அந்த இடத்தைத் திருத்துவார்கள்.

எழுத்தும் எண்ணும் பரவாயில்லை. நல்ல பழக்கம் சொல்லித்தரும் கதைகள்தான் எதிர்பாராத இடத்தில் சறுக்குகின்றன. ஒரு கார்ட்டூனில் மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் முதலில் அதைக் கண்டு பயந்து ஒதுங்குகின்றன, பிறகு நட்பாகின்றன. உடலில் குறை உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பது எடுத்தவர்களின் நோக்கம். மரீ-லூயிஸ் மேரஸ் என்ற ஆய்வாளர் இதைச் சிறு குழந்தைகளுக்குக் காட்டிக் கேட்டபோது, பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாடம் போய்ச் சேரவே இல்லை. பலர் கதை நாய்களைப் பற்றியது என்றே எடுத்துக்கொண்டார்கள். நாயிலிருந்து மனிதருக்குத் தாவுவது நமக்கு ஓர் எட்டு வைப்பது போல, அவர்களுக்கு ஓர் ஆற்றையே தாண்டுவது போல.

இத்தகைய கதைகளின் நேரப் பங்கீட்டையும் கவனியுங்கள். முக்கால்வாசிக் கதை சண்டை, கேலி, பிடுங்கல். கடைசி ஒன்றிரண்டு நிமிடத்தில் மன்னிப்பு. அந்த முடிவை ஆரம்பத்தோடு சேர்த்து, 'ஓ, அது தப்பு' என்று பின்னோக்கி அர்த்தப்படுத்திக்கொள்ளும் திறன் நான்கு வயதில் அரைகுறைதான். பார்த்த நேரத்தின் அளவுப்படி குழந்தை கேலி செய்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கும். மறுநாள் தம்பியிடம் அதே வசனம் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உணர்ச்சிகளைப் பற்றிய 'டேனியல் டைகர்' கார்ட்டூனை வைத்து 2016-இல் வந்த ஆய்வில், அதைப் பார்த்த குழந்தைகளிடம் பரிவு கூடியது. ஆனால் எல்லோரிடமும் கூடவில்லை. பார்ப்பதைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி பேசும் வீடுகளில் மட்டும்தான். கதையிலிருந்து நிஜத்துக்குத் தாவ ஒரு பெரியவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது போலும். அதனால் கதை முடிந்தபின் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். சண்டை உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்தி, "அவன் ஏன் அழுகிறான்?" என்று கேட்கிறேன். சில சமயம் யோசித்து ஒரு பதில் வரும். பல சமயம், "அம்மா, தள்ளி உட்காரு, படம் தெரியலை" என்பதுதான் பதில்.