மெட்டு வருகுது, பாட்டு வருகுதில்லை

"அண்ணை, மெட்டு நல்லா வருகுது. பாட்டாத்தான் முடியுதில்லை." என்னிடம் இசையமைப்புப் பழக வருகிற பிள்ளைகளின் வழமையான முறைப்பாடு இது. போனில் முணுமுணுப்புப் பதிவுகள் குவிந்து கிடக்கும், முழுப்பாட்டு ஒன்றுகூட இராது.

மெட்டுக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை. இணுவிலில் தவில் சாதகம் கேட்கும், கோயிலடியில் காத்தவராயன் கூத்து நடக்கும், ஒழுங்கைக்குள் பாண் விற்கிற ஓட்டோ பீத்தோவனை ஒலித்துக்கொண்டு வரும். ஓம், அந்த மெட்டு அவர் 1810இல் எழுதியதுதான். உலாவப் போனாலும் குறிப்புப் புத்தகத்தோடு போன மனிதர் அவர். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டித் திருத்திய அந்தப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதரும் வெள்ளைக்காரரின் பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், எழுதினார். கேட்டதிலிருந்து எடுப்பது குற்றமில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்றே தெரியாமல் எடுப்பதுதான் வில்லங்கம். புது மெட்டை முதலில் நாலு பேருக்குப் பாடிக் காட்டுங்கள். "இதை எங்கயோ கேட்டிருக்கிறன்" என்று ஒருவர் சொன்னாலும் தேடிப் பாருங்கள்.

சரி, மெட்டு உங்களுடையதுதான். உடனே கணினியில் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற தாளத் துண்டு, போடத் தொடங்காதீர்கள். தாளக்கட்டு நன்றாக இருந்தால் மெட்டின் ஓட்டை தெரியாது. ஆர்மோனியத்தில் பிடித்து ஸ்வரமாக எழுதுங்கள்.

ஒரு தங்கச்சி மோகன ராகத்தில் மெட்டு கொண்டுவந்தா. வரிகளோ வெளிநாடு போன தமையனை நினைத்து ஏங்குபவை. மெட்டு தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றது. அதில் வருகிற 'க' ஸ்வரமான அந்தர காந்தாரத்தை, அதற்குக் கீழுள்ள சாதாரண காந்தாரமாக இறக்கிப் பாடச் சொன்னேன். மற்ற நாலு ஸ்வரத்தையும் தொடவில்லை. மோகனம் சோகம் தொனிக்கும் சிவரஞ்சனி ராகமாகி, வரியும் மெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன.

சொல்லையும் கவனிக்க வேண்டும். 'பனை' என்ற சொல்லின் முதல் எழுத்தை நீட்டினால் கேட்பவருக்குப் 'பானை'. குறில் வருகிற இடத்தில் நீண்ட ஸ்வரம் விழுந்தால் மெட்டை மாற்றுங்கள், அல்லது வேறு சொல் தேடுங்கள்.

அநேகமான பாட்டுகள் சரணத்தில்தான் படுத்துவிடுகின்றன. பல்லவி தானாக வந்ததுபோல் சரணமும் வரும் என்று காத்திருப்பார்கள். என் அனுபவத்தில் அது வராது, செய்ய வேண்டும். பல்லவியில் ஒரு சின்னத் துண்டை எடுத்து மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, ஒட்டிப் பாடிப் பாருங்கள். அல்லது எடுப்பை, அதாவது தாளத்தில் வரி தொடங்குகிற இடத்தை, அரைத் தட்டு தள்ளுங்கள். முதலில் செயற்கையாகத்தான் இருக்கும். நாலைந்து விதமாகப் பாடினால் ஒன்று பிடிபடும்.

அப்புறம் மிக்ஸிங், குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலக்கிற வேலை. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் எல்லாமே இனிக்கும், அதை நம்பி வெளியிடாதீர்கள். மலிவான இயர்போனிலும், முடிந்தால் தெரிந்த மினிபஸ்காரர் ஒருவரிடம் கொடுத்து ஓடுகிற பஸ்ஸிலும் கேளுங்கள். வரி விளங்கவில்லையென்றால் குரலைக் கூட்டுவதற்கு முன் கீபோர்டைக் குறையுங்கள்.