பழைய துப்பாக்கி, புதுப் பூவேலை: லாங்ரைபிள் வாங்குவோர் கவனத்துக்கு

லாங்ரைபிள் என்ற பழைய அமெரிக்க நீள்குழல் துப்பாக்கியை விற்பவர் அனுப்பும் முதல் படம் பெரும்பாலும் அதன் மரக்கட்டையின் இடப்பக்கமாகத்தான் இருக்கும். கன்னம் வைக்கும் மேட்டுக்குப் பின்னால் சுருண்டு விரியும் இலைக்கொடி, புலிவரி ஓடும் மேப்பிள் மரம், மங்கிய பழுப்பு நிறம். வாங்க நினைப்பவர் அங்கேயே மயங்கிவிடுவார். பழைய மரப்பொருள்களைப் பராமரிப்பது என் தொழில். லாங்ரைபிள் ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவதும் அந்த இடத்தைத்தான்.

கென்டக்கி ரைபிள் என்று பெயர் பரவிவிட்டாலும் இது பிறந்த மண் பென்சில்வேனியா. 18ஆம் நூற்றாண்டில் லான்காஸ்டர், ரெடிங், யார்க் வட்டாரங்களில் குடியேறிய ஜெர்மானியத் துப்பாக்கிக் கொல்லர்கள், தங்கள் ஊர் யேகர் வேட்டைத் துப்பாக்கியின் குட்டைக் குழலை நீட்டினார்கள், கட்டையை ஒல்லியாக்கினார்கள். மைன்ஸ் நகரில் பிறந்த ஜேக்கப் டிக்கர்ட் லான்காஸ்டரில் பேர் எடுத்தார். மொரேவியன் என்ற கிறிஸ்தவ சபையாரின் கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையில் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட்டும் அவருக்குப் பின் கிறிஸ்டியன் ஓர்ட்டரும் வேலை செய்தார்கள். ஏறத்தாழ 1780 முதல் 1820 வரையிலான காலத்தைப் பொற்காலம் என்பார்கள். ஐரோப்பாவில் ரொக்கோகோ என்ற அலங்காரப் பாணி மவுசு இழந்த பிறகும், அதன் 'சி' வடிவச் சுருள்களும் அகந்தஸ் இலைகளும் இந்தக் கட்டைகளில் செழித்தன.

பூவேலை இல்லாத எளிய துப்பாக்கிக்கும் நல்ல புடைப்பு வேலை உள்ளதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. வினை அங்கேதான் தொடங்குகிறது. குழல் அசல், பூட்டு எனப்படும் வெடிக்கவைக்கும் பொறி அசல், கட்டையும் அசல். பூ மட்டும் நேற்று பூத்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அந்தக் காலத்துக் கொல்லர் கட்டையை உருவாக்கும்போதே பூ வரவேண்டிய இடத்தில் மரத்தைக் கூடுதலாக விட்டுவைப்பார். பிறகு கோட்டின் ஓரம் உளியால் குத்தி, சுற்றியுள்ள மரத்தைச் சீவி, கூரிய தகட்டால் சுரண்டிச் சமன் செய்வார். அதனால் பூ மேலே எழுந்து நிற்கும், சுற்றுப்புறம் கட்டையின் வளைவோடு தடங்கலின்றி ஓடும். எழும் உயரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். முடிந்துபோன கட்டையில் பின்னாளில் செதுக்குபவருக்கு அந்த உபரி மரம் கிடையாது. பூவை எழுப்ப அவர் சுற்றுப்புறத்தைத் தோண்டியாக வேண்டும். இருட்டறையில் டார்ச்சைக் கட்டையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பூவைச் சுற்றிக் குளம்போல ஒரு பள்ளம் நிழல் கட்டினால் உஷாராகுங்கள்.

இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. பென்சில்வேனியாவின் லீஹை பள்ளத்தாக்குத் துப்பாக்கிகளில் புடைப்பைவிடக் கீறி வரைந்த வேலையே அதிகம். அங்கே எழுச்சியைத் தேடினால் ஏமாந்துபோவோம். அப்போது தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். கட்டையின் விளிம்பெல்லாம் கைபட்டு மழுங்கியிருக்க, பூவின் ஓரம் மட்டும் விரலில் உறைக்கிறதா? பழைய அடிபட்ட குழி ஒன்றை உளி பாதியில் வெட்டிக்கொண்டு போயிருக்கிறதா? போயிருந்தால் குழிக்குப் பிறகுதான் பூ வந்தது.

நிறமும் பேசும். நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்து மரத்தில் பூசி, சூடு காட்டிப் பழுப்பு ஏற்றுவது அக்காலத்து முறைகளில் ஒன்று. செதுக்கி முடித்த பிறகே பூசுவார்கள் என்பதால் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் இறங்கியிருக்கும். பின்னாளில் வெட்டிய பள்ளத்தில் வெளிறிய மரம் எட்டிப்பார்க்கும். அதை மறைக்கக் கறுப்பு மெழுகைத் திணிப்பார்கள். புறஊதா விளக்கில் அரக்குப் பூச்சு ஆரஞ்சாக ஒளிரும். பூவின் மேல் மட்டும் வேறுவிதமாக ஒளிர்ந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

மோசடியால் கெடுவது ஒருபக்கம் என்றால், ஆசையால் கெடுவது இன்னொரு பக்கம். 'அழுக்காக இருந்தது சார், உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினேன்' என்று பெருமையோடு கொண்டுவருகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் வேலையில் உப்புத்தாள் ஒரு மதியத்தில் எதைத் தின்னும் என்று யோசியுங்கள். தின்றதை நான் மீட்டுத் தர முடியாது. ஆளி விதை எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் வேண்டாம். அது பிசுபிசுத்துக் கறுத்து இலை நரம்புகளை மூடிவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஒன்று விட்டுப்போயிற்று. பழைய துப்பாக்கிகளில் சில, இன்றும் மருந்து கிட்டித்தபடியே இருக்கின்றன. பூவைப் பார்க்கும் ஆர்வத்தில் குழல் முனையை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். தெரிந்தவரை வைத்து முதலில் சோதியுங்கள்.

இன்று இதே பாணியில் அருமையாகச் செதுக்கும் கைவினைஞர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். தங்கள் பெயரைக் குழலில் பொறித்தே விற்கிறார்கள். அவர்கள் வேலையை நான் மதிக்கிறேன். அந்தப் பெயரை அராவிவிட்டுப் 'பழசு' என்று கைமாற்றுபவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. வாங்குமுன் மூன்று படங்கள் கேளுங்கள்: சாய்ந்த வெளிச்சத்தில் பூவேலை, குழலின் மேல்முகம் முழுவதும், கட்டையின் அடிப்பக்கம். படம் வந்த பிறகு விலை பேசலாம்.