நல்ல நாளில் முந்நூறு மரம், அப்புறம் மூன்று நாள் பாய்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர் ஒருவர். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைப் பல வருடமாகத் தவறாமல் சாப்பிடுகிறார். பரிசோதனையில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ராத்திரி ஆனால் இரண்டு பாதமும் தீயாய் எரியும். டாக்டர் அவரை உளவியலாளனான என்னிடம் அனுப்பினார். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "அப்போ நான் கள்ளம் சொல்லுகேன்னு நினைக்கிறீங்களா சாரே?"

(ஒருவரை அடையாளம் காண முடியாதபடி, பலரிடம் கண்டதைச் சேர்த்தே எழுதுகிறேன்.)

வலி கள்ளம் இல்லை. வைரஸே நரம்பைக் கெடுக்கும். எச்.ஐ.வி.க்கு முன்பு பரவலாகக் கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரையும் கெடுத்தது. அதைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. ஆனால் அதற்குள் பழுதான நரம்பு பலருக்கு அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் தாண்டியும் விடாத வலியை நாள்பட்ட வலி என்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவர்களில் 39 முதல் 85 சதவீதம் பேருக்கு அது இருப்பதாக வெவ்வேறு ஆய்வுகள் சொல்கின்றன. 2017இல் வந்த அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல், நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை இவர்களுக்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தது. வலி பொய் என்பதால் அல்ல. வலியோடு நாளை எப்படி ஓட்டுகிறோம் என்பது வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்பதால்.

இவருடைய இரண்டு வாரத்தை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். வலி குறைந்த நாளில், விட்டதைப் பிடிக்க ஒரே மூச்சில் முந்நூறு மரம் வெட்டியிருந்தார். அடுத்த மூன்று நாள் பாயில். மறுபடி நல்ல நாள், மறுபடி ஓட்டம். படுத்த நாட்களில் தசை வலு இழக்கும், தூக்கம் கெடும், "இனி என்னால் ஆகாது" என்ற நினைப்பு ஊறும்.

வலி சொல்லி நிறுத்தாமல் கடிகாரம் சொல்லி நிறுத்தப் பழக்கினோம். நாற்பது நிமிடத்தில் எரிச்சல் ஏறுமானால், முப்பதாவது நிமிடத்திலேயே ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். நல்ல நாளிலும் அதே அளவு, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே அளவு. வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம். "நோவில்லாம சும்மா இருக்கதா?" என்று முதலில் அவருக்குக் கோபம்தான். தினக்கூலிக்காரரிடம் ஓய்வெடு என்பது லேசான பேச்சில்லை, எனக்கும் அது தெரியும். கங்காணியிடம் பேசி மரத்தைப் பிரித்துக்கொண்ட பிறகுதான் நடந்தது. எரிச்சல் போகவில்லை. படுக்கிற நாட்கள் குறைந்தன.

படுக்கும் முன் மெதுவான மூச்சுப் பயிற்சி, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, இவையும் உதவின.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வலிக்கு நீங்களாகக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். நரம்பு வலிக்குத் தரப்படும் கார்பமாசெபைன், இப்போது பெரும்பாலானோர் சாப்பிடும் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். வலிக்குக் காரணம் கூட்டு மருந்துதான் என்று நினைத்து அதை நிறுத்தவும் கூடாது, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லுங்கள். சர்க்கரை, பி12 குறைவு போன்ற காரணங்களையும் பார்க்க வேண்டும். கால் திடீரெனப் பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆனால் இவரிடம் எனக்கு அதிகம் உறைத்தது வேறு. ஏன் நொண்டுகிறாய் என்று கேட்பவர்களிடம் "சுகர்" என்று சொல்லிவந்தார். சுகர்காரருக்கு ஏன் டீயில் சீனி என்று ஒருவர் கேட்டதிலிருந்து டீக்கடையையே விட்டுவிட்டார். பிறகு கல்யாண வீடு, அப்புறம் கோயில் கொடை. வலியைவிட மறைக்கிற பாரம் அவரை வீட்டுக்குள் தள்ளியது. தனிமையில் கிடப்பவருக்கு வலியைத் தவிர கவனிக்க என்ன இருக்கிறது?

எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை. எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் வருட இந்தியச் சட்டப்படி, நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய, தன் நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. "நரம்பு வலி" என்றாலே போதும், அது உண்மையும்கூட. இதைச் சொல்லிப் பார்த்தே பழகினோம். நம்பிக்கையான ஒருவரிடம் முழுதாகச் சொல்ல முடிந்தால் நல்லது. யாரும் இல்லை என்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

அவர் தன் அக்காவிடம் சொன்னார். இப்போது சாயங்காலம் அக்கா வீடுவரை முப்பது நிமிட நடை, அங்கே சீனி போட்ட டீ.