டிக்கெட் ஆஃப் லீவ்: அந்த 'லீவ்' விடுமுறை அல்ல

பிரிட்டன் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற சொல் இரண்டாம் பக்கத்திலேயே வந்து நிற்கும். 'விடுப்புச் சீட்டு' என்பதுதான் சட்டென்று கைக்கு வரும். பொருள் அங்கேயே கெட்டுவிடுகிறது. அந்தச் சீட்டை வாங்கிய கைதி வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. தன் வேலையைத் தானே தேடிக்கொள்ளும் உரிமையைத்தான் பெற்றான்.

ஆங்கிலத்தில் 'லீவ்' என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. 'விட்டுச் செல்' என்ற வினை ஒன்று. 'இசைவு, அனுமதி' என்ற பெயர்ச்சொல் மற்றொன்று. இரண்டுக்கும் வேர் வேறு. பெயர்ச்சொல்லுக்கு உறவு ஜெர்மன் மொழியில் அனுமதியைக் குறிக்கும் 'எர்லௌப்னிஸ்'. அலுவலகத்தில் நாம் எடுக்கும் லீவும் அடிப்படையில் 'வராமலிருக்க இசைவு'தான். நாளடைவில் இசைவு மறைந்து ஓய்வு மட்டும் தங்கிவிட்டது. 'டிக்கெட்' பிரெஞ்சு வழி வந்தது. ஒட்டிவைக்கும் சிறு குறிப்புத்தாள் என்பது அதன் பழம்பொருள்.

சீட்டு பிறந்த காரணம் இரக்கம் அல்ல, சோற்றுக் கணக்கு. 1788 ஜனவரியில் 11 கப்பல்களோடு ஆளுநர் ஆர்தர் பிலிப் வந்து இறங்கியது முதல் கைதிகளுக்கு அரசுக் கிடங்கிலிருந்தே உணவு. 1801-இல் ஆளுநர் பிலிப் கிட்லி கிங் இந்தச் சீட்டை வழங்கத் தொடங்கினார். சொந்தமாகப் பிழைக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்ளட்டும், கிடங்கின் பாரம் குறையும் என்பது கணக்கு. தொடக்கத்தில் காலவரை எதுவும் இல்லை; வசதியான சில கைதிகள் கரையேறிய கையோடு சீட்டு வாங்கினார்கள். பின்னால் விதி இறுகியது. 1832-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்தது: 7 ஆண்டுத் தண்டனைக்கு 4 ஆண்டு, 14-க்கு 6, ஆயுளுக்கு 8 ஆண்டு ஊழியம் கழிந்திருக்க வேண்டும்.

இது குறைந்தபட்சக் காலம். நடைமுறையில் தள்ளிப்போகக் காரணங்கள் பல. பெரும்பாலான கைதிகள் குடியேறிய பண்ணைக்காரர்களிடம் ஊழியத்துக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தார்கள். ஒரே எசமானிடம் இருந்தால் காலம் குறைவு. எசமான் மாறினால் கூடும். கசையடி வாங்கிய பதிவு இருந்தால் இன்னும் நீளும். விண்ணப்பம் வட்டார நீதிபதிகள் முன் போய், அவர்கள் பரிந்துரையோடு சிட்னியில் கைதிகளின் தலைமைக் கண்காணிப்பாளருக்குச் செல்லும். அங்கே கப்பல் பதிவேட்டோடு ஒப்பிட்டபின் ஆளுநர் ஒப்புதல். எசமானின் நற்சான்று இல்லாமல் இது நகராது. நல்ல உழைப்பாளியை இழக்க எந்த எசமானுக்குத்தான் மனம் வரும்? இந்த முறையின் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

சீட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது அச்சடித்த படிவம். கைதியின் எண், பெயர், வந்த கப்பல், வந்த ஆண்டு, பிறந்த ஊர், தொழில், குற்றம், வழக்கு நடந்த இடமும் நாளும், தண்டனை. அதன்கீழ் உயரம், நிறம், முடி, கண், உடல் அடையாளங்கள். புகைப்படம் இல்லாத காலம். பச்சை குத்தியதும் தழும்பும்தான் முகவரி. பிறகு முக்கியமான வரி: இன்ன வட்டாரத்தில் தங்க இசைவு. அந்த வட்டாரத்தைத் தாண்ட வேண்டுமானால் பயணம் செய்ய இசைவு தரும் தனித் தாள் ஒன்று வேண்டும். கணக்கெடுப்புக்கு நேரில் வர வேண்டும், ஞாயிறு வழிபாட்டுக்குப் போக வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. குடித்துக் கலாட்டா செய்தாலோ வட்டாரத்தில் காணாமல்போனாலோ சீட்டு ரத்து. அது அரசிதழிலும் வரும். 1830-ஆம் ஆண்டுக் கொள்ளையர் தடுப்புச் சட்டப்படி, சந்தேகத்தின் பேரில் யாரையும் பிடிக்கலாம். தான் தப்பியோடிய கைதி இல்லை என்று பிடிபட்டவனே மெய்ப்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் இந்தத் தாள் சட்டைப்பையில் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது.

இனி தமிழ்ச் சொல். 'பரோல்' என்று எழுதுவதும் பொருந்தாது. பின்னாளைய பரோல் முறைக்கு இது முன்னோடி என்பது உண்மை. ஆனால் நம் செய்தித்தாள்களில் பரோல் என்றால் வீட்டுக்குச் சில நாள் போய்ச் சிறைக்குத் திரும்புவது. 'விடுதலைச் சீட்டு' அதைவிடத் தவறு. தண்டனை முழுதும் முடிந்தவருக்குத் தரப்பட்டது 'விடுதலைச் சான்றிதழ்' என்ற வேறொரு ஆவணம். ஆயுள் கைதிக்கு அதுவும் கிடையாது. நிபந்தனை மன்னிப்பு அல்லது முழு மன்னிப்புத்தான் வழி. 'அனுமதிச் சீட்டு' பொருளில் சரி, ஆனால் வாசலில் காட்டும் நுழைவுச் சீட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே 'இசைவுச் சீட்டு' என்பதையே பரிந்துரைக்கிறேன். முதன்முறை எழுதும்போது 'தனிப்பிழைப்பு இசைவுச் சீட்டு' என்று விரித்துவிட்டால் குழப்பம் வராது.

அந்தமான் தண்டனைக் குடியேற்றத்திலும் இதே சொல் புழங்கியதால் நமக்கு இது தொலைவான சங்கதி இல்லை. அங்கே அனுப்பும் தண்டனைக்குத் தமிழில் பழைய பெயரே உண்டு: 'தீவாந்தர தண்டனை'. 1908-இல் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டது அதுதான். ஆஸ்திரேலியக் கைதிகளைப் பற்றி எழுதும்போதும் 'நாடு கடத்தல்' என்று பொதுவாகச் சொல்லாமல் இந்தச் சொல்லையே எடுத்தாளலாம்.

வாக்கியத்தில் இப்படி வரும்: "ஆவணமோசடிக்காக 14 ஆண்டுத் தீவாந்தர தண்டனை பெற்று 1814-இல் சிட்னி வந்த கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே, இசைவுச் சீட்டோடு தொழில் நடத்தினார், மக்குவாரி கலங்கரை விளக்கத்தைக் கட்டியதற்காக நிபந்தனை மன்னிப்புப் பெற்றார்."