டெல்டா வெயிலில் பிளாண்டட் தொட்டி: ஹீட்டருக்கு முன் ஃபேன் வாங்குங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் விடியற்காலையிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். "சார், ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பாத்தா எல்லா மீனும் மேல வந்து வாயைப் பிளக்குது." தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, எந்த ஊரிலிருந்து வந்தாலும் புகார் இதேதான். பிளாண்டட் தொட்டிகள், அதாவது உயிருள்ள செடிகளோடு மீன் வளர்க்கும் தொட்டிகள், வைத்துக் கொடுத்துப் பராமரிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பக்கத்தில் வெயில் நேரடியாக மீனைக் கொல்வது குறைவு. வெயிலால் குறையும் ஆக்சிஜன்தான் கொல்கிறது.

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் அது 7.3 ஆகிவிடும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது, அடிமண்ணில் மக்கும் இலையும் மிஞ்சிய தீனியும் வேகமாக அழுகி அவையும் ஆக்சிஜனை இழுக்கின்றன. விளக்கு அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜன் கொடுப்பதை நிறுத்திவிட்டு எடுக்க ஆரம்பிக்கும். செடி வளர்ச்சிக்காகச் சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் ராத்திரியும் வால்வை மூடாமல் விட்டால் மீனுக்கு மூச்சு இன்னும் திணறும். எல்லாம் சேர்ந்து ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வரும் நேரம் விடியற்காலை. அதனால்தான் அந்த நேரத்து போன்.

எனவே வெயில் காலம் முழுக்க, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கார்பன் டை ஆக்சைடு நிற்கும்படி டைமர் வையுங்கள். இரவெல்லாம் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடட்டும். 'குமிழி விட்டால் செடிக்கான வாயு போய்விடுமே' என்பார்கள். இருட்டில் செடிக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் சூட்டைக் குறைப்பது. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் குதிக்காமல் வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பில் சாய்வாக ஒரு சின்ன ஃபேன் வையுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து வறண்ட மதியத்தில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யத்தில் கடல்காற்றின் ஈரத்தால் அந்த அளவு கிடைக்காது. ஆவியான தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பும் சுண்ணாம்பும் ஏறிக்கொண்டே போகும். ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள்.

ஐஸ் போடுவது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உறைந்த ஒரு லிட்டர் பாட்டில் முழுதாக உருகி, தொட்டி நீரின் சூட்டுக்கு வரும்போது 60 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய இரண்டு டிகிரியை இறக்கிவிடும். அதே பாட்டிலை 10 லிட்டர் ஜாடியில் போட்டால் பத்து டிகிரிக்கு மேல் இறக்கும். மீன் அதைத் தாங்காது. 32 டிகிரியைச் சமாளிக்கும் மீன்கூட ஒரே நாளில் 32க்கும் 24க்கும் ஏறி இறங்கினால் படுத்துவிடும். இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறைத் தொட்டிகளில் வெண்புள்ளி நோய் அடிக்கடி வருவதைப் பார்க்கிறேன். சூடாகவே இருந்தாலும் சீராக இருக்கும் ஹாலே தேவலை என்பது என் கட்சி.

மதியம் மாடி சின்டெக்ஸிலிருந்து தண்ணீர் மாற்றாதீர்கள். கை வைத்தாலே சுடும் தண்ணீர் அது. முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்து, காலையில் மாற்றுங்கள். தொட்டிச் சூட்டைப் பார்க்கக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அறைச் சூடும் அதில் கலந்து காட்டும். தண்ணீருக்குள் மூழ்கும் தெர்மாமீட்டரில் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே மூன்று டிகிரிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும்.

மின்வாரியப் பராமரிப்பு நாளில் கரண்ட் இல்லையா? பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அரை மணிக்கு ஒரு முறை சொம்பில் மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம்.

ஏசி இல்லாத வீட்டில் நியான் டெட்ராவும் கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நியானின் அழகு வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா எடுங்கள், அது சூட்டைத் தாங்கும். செடிகளில் அனுபியாஸ், வாலிஸ்நேரியா தாக்குப்பிடிக்கும். மாஸ் (moss) எனப்படும் பாசிச் செடி வகைகளும் தரையில் படரும் கார்பெட் செடிகளும்தான் முதலில் பழுக்கும்.

ஹீட்டர்? மார்கழி, தையில் நம் ஊர் இரவு 20 டிகிரி பக்கம் போகும். டிஸ்கஸ் வளர்க்கிறவர்களுக்குக் கட்டாயம் வேண்டும், அதற்கு 28க்குக் குறையக்கூடாது. மற்றவர்களுக்கு 60 லிட்டருக்கு 50 வாட்ஸ் தாராளம். பெரிய வாட்ஸ் வாங்கி, அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன் வெந்துவிடும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகே தண்ணீரை இறக்குங்கள்; சூடான ஹீட்டர் கண்ணாடி வெளியே தெரிந்தால் விரிசல் விடும், அப்போது தொட்டிக்குள் கை வைக்கிறவருக்கும் ஆபத்து.